மண்ணைக் கேட்டு வாங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒன்பதாம் மாடிக்குக் குடிபோன கையோடு, பால்கனியைப் பச்சையாக்க வேண்டும், மிலான் நகரத்துக் கோபுர வீடுகள் மாதிரி மரமே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தறிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று உன் அத்தை சிரிக்கிறாள். எனக்கென்னவோ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய் என்று படுகிறது.

மிலானில் அந்த இரண்டு கோபுரங்களும் 2014இல் திறக்கப்பட்டன. பெரியது 111 மீட்டர் உயரம். மொத்தம் சுமார் 800 மரங்கள். மரத்தின் பாரத்தையும் காற்றின் இழுப்பையும் கணக்குப் போட்டுத்தான் பால்கனித் தளத்தையே வார்த்தார்கள். கயிற்றில் தொங்கி இறங்கிக் கிளை கழிக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். படத்தில் இலை தெரியும், அந்த ஆட்கள் தெரிய மாட்டார்கள். சீனாவின் செங்டூவில் 2018இல் எட்டுக் கோபுரங்களில் 826 வீடுகளை இதே பாணியில் கட்டினார்கள். கழிக்க ஆளில்லாமல் செடி புதராக மண்டியது, கொசு பெருகியது. 2020இல் அங்கே குடியிருந்தவை பத்துக் குடும்பங்கள் அளவுக்குத்தான் என்று செய்தி வந்தது.

கோயில் நந்தவனத்துக்கு எழுதி வைத்த நம் பெரியவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். செடி வைத்ததோடு நிற்கவில்லை. தண்ணீர் இறைப்பவருக்கும் பூப்பறிப்பவருக்கும் சோறு போட நிலத்தையும் சேர்த்து எழுதினார்கள். கல்வெட்டுகளில் அதற்கு நந்தவனப்புறம் என்று பெயர். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் கல் பாவிய பிராகாரத்துக்கு நடுவிலும் மாமரத்துக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். அதன் வயது 3,500 என்பார்கள். அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியா வந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், காஞ்சிபுரத்தின் அமைப்பைப் பார்த்து மனம்விட்டுப் பாராட்டினார். கோயில், குளம், அகலத் தெரு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை என்று எல்லாம் ஒரே திட்டமாக இருந்ததைத்தான் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

இதே காஞ்சியில் நம் பிள்ளையார்பாளையத்தையே பார். மூன்று சேலைக்குப் பாவு என்றால் ஐம்பது அறுபது அடி நீளம். அதை விடியற்காலையில் தெருவில்தான் நீட்டிக் கஞ்சி போட வேண்டும். வெயில் ஏறினால் பட்டு முறுகிவிடும். நெசவாளித் தெருவுக்கு நீளமும் வேண்டும், நிழலும் வேண்டும். மரம் எங்களுக்கு அழகுக்கு நின்றதில்லை, தொழிலுக்கு நின்றது. கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் ஒரே தறியில் பிணைத்து நெய்வோம். கட்டடமும் பசுமையும் அப்படி வர வேண்டும். வீடு முடிந்தபின் தொட்டி வாங்கி வைப்பது, வெறும் சேலையில் கரையை ஒட்டுப் போடுகிற வேலை.

அதற்காகத் தொட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாரத்தைப் பார். ஓர் அடி ஆழத்துக்கு நனைந்த மண் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டும். சாதாரண வீட்டு பால்கனியைப் பொதுவாக முந்நூறு கிலோ அளவுக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் பாதிக்கு மேல் இருக்கட்டும், செம்மண் குறைவாகப் போதும். கனமான தொட்டிகளைச் சுவரோரமாக வை, கைப்பிடி ஓரத்தில் வேண்டாம். துளசி, கற்பூரவல்லி, கீரை, மணத்தக்காளி எல்லாம் வரும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளை கிடைத்தால் விதை, பை, நார்க்கழிவு வாங்கும் அலைச்சல் மிச்சம். தட்டில் தண்ணீர் தேங்க விடாதே, செங்டூ நினைவிருக்கட்டும்.

இதெல்லாம் உன் கண்ணுக்குக் குளிர்ச்சி. தெருவில் நடப்பவனுக்கு நிழல் வேண்டுமானால் மரம் தரையில்தான் நிற்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற அயல் மரங்கள் ஏராளம். பல மரங்களுக்கு அடிமரம் வரை சிமென்ட் பூசியிருந்தார்கள். வேர் எங்கே போகும்? டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவு போட வேண்டி வந்தது. வேகமாக வளர்கிறதென்று அடுக்குமாடிக்காரர்கள் வரிசையாக நட்ட கோனோகார்பஸுக்கு நம் அரசே இப்போது தடை விதித்திருக்கிறது.

ஆகவே உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முதலில் வரைபடத்தைக் கேள். அடியில் கார் நிறுத்துமிடம் இல்லாத, தொட்டால் நிஜ மண்ணாக இருக்கிற இடம் எது என்று குறித்துக்கொள். பெரும்பாலும் சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு பட்டைதான் மிஞ்சியிருக்கும். அங்கே பதித்த சிமென்ட் கல்லைப் பெயர்க்கச் சம்மதம் வாங்கு. சண்டை வரும், கார்க்காரர்கள் விட மாட்டார்கள். பிறகு புங்கை, பூவரசு, மகிழம் என்று பார்த்து வை. கடற்காற்று வருகிற இடமென்றால் புன்னை தாங்கும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதைக் கூட்டத்தில் பெயரோடு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. புரட்டாசிக்குள் குழி வெட்டி ஆறப்போட்டால், ஐப்பசி மழைக்குக் கன்று வைக்கச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
மாமா