மடிக்கணினி வாங்குமுன் குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள்

உயர்தர வகுப்புக்கு மாணவிகள் சேரும் காலம் வந்தால், என்னைத் தேடிவரும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “டீச்சர், மகளுக்கு லெப்டொப் ஒன்று வாங்கணும். எது நல்லது?”

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் கற்பிப்பவள் என்பதால் இதற்கு விடை என்னிடம் எப்போதும் ஆயத்தமாக இருந்தது. துண்டுத் தாளொன்றில் நான்கு வரி எழுதிக் கொடுப்பேன்: ஐ5 செயலி, 8 ஜீபி ரெம், 512 ஜீபி எஸ்எஸ்டி, 15 அங்குலத் திரை. “இந்த நாலும் இருந்தாப் போதும். விலை குறைஞ்சதைப் பார்த்து வாங்குங்க” என்றும் சொல்லி அனுப்புவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயார் அப்படியொரு தாளை வாங்கிச் சென்றார். தையல் வேலை செய்து, சீட்டுக் கட்டி, அந்தச் சீட்டுக் காசில் மகளுக்கு மடிக்கணினி வாங்கினார். பதினான்காவது மாதம் அதைத் துணிப்பையொன்றில் சுற்றிக்கொண்டு பாடசாலைக்கே வந்துவிட்டார். திரையின் இடது மூலை பிளந்து, உள்ளிருந்த வயர் வெளியே தெரிந்தது. “டீச்சர், நீங்க எழுதித் தந்த நாலும் இதில இருக்குத்தானே?” என்று மட்டும் கேட்டார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான்கும் அதில் இருக்கத்தான் செய்தன. ஆனால் கணினியைத் திறந்து மூட முடியவில்லை.

கடையில் ஒரு வருட உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார்கள். முடியாமல் இருந்திருந்தாலும், உடைவுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். திருத்த வேலைக்குக் கேட்ட தொகை அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. அந்தப் பிள்ளை பரீட்சை முடியும்வரை திரையைச் சுவரோடு சாய்த்து, பின்னால் இரண்டு புத்தகங்களை முட்டுக் கொடுத்துத்தான் செய்முறை வேலைகளைச் செய்து முடித்தாள். அந்தத் தாளை எழுதியவள் நான் என்பது என்னை உறுத்தியது. அடுத்த விடுமுறையில், கணினி திருத்தும் என் தம்பியின் மேசையருகே சில நாட்கள் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாளில் எழுதப்படாத பாகம்

தம்பியின் மேசைக்கு வந்த மாணவர்களின் கணினிகளில் செயலி பழுதானது எதுவுமில்லை. பிளந்த பிணைச்சல், ஆடிப்போன சார்ஜர் துவாரம், வேலை செய்யாத விசைப்பலகை, சக்தி இழந்த பெட்டரி ஆகியவையே மாறி மாறி வந்தன. விலைப் பட்டியல்களில் இவற்றைப் பற்றி அநேகமாக ஒரு சொல்லும் இருப்பதில்லை.

பிணைச்சலையே எடுத்துக்கொள்வோம். திரையையும் உடலையும் இணைக்கும் இந்தப் பாகம் உலோகத்தால் ஆனது. மலிவான கணினிகளில் அது பொருத்தப்படும் இடமோ பிளாஸ்டிக். பிளாஸ்டிக் உடலில் சிறிய தூண்கள் போன்ற மேடுகளை வார்த்து, அவற்றுக்குள் புரியுள்ள பித்தளை வளையங்களைப் பதித்திருப்பார்கள். திருகாணிகள் அந்த வளையங்களில்தான் இறங்குகின்றன. திரையைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஏற்படும் விசை முழுவதையும் அந்தச் சிறு தூண்களே தாங்க வேண்டும். நாளடைவில் பிணைச்சல் இறுகினால் விசை இன்னும் கூடும். ஒருநாள் தூண் வெடித்து, வளையம் கழன்று வந்துவிடும். திரைக்குச் செல்லும் வயரும் இதே வழியாகப் போவதால், பல சமயங்களில் அதுவும் சேர்ந்து அறுந்துவிடுகிறது.

திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறக்கும் பழக்கம் இந்தப் பழுதை விரைவுபடுத்தும். விசை முழுவதும் ஒரு பக்கத்துப் பிணைச்சலில் இறங்குவதே காரணம். ஆகவே எப்போதும் மேல்விளிம்பின் நடுவில் பிடித்துத் திறவுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

பிறகு மாற்றக்கூடியதும் மாற்ற முடியாததும்

நடுத்தர விலையில் வாங்கும் எவருக்கும் எல்லாம் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்கத்தான் வேண்டும். எதைக் குறைப்பது என்பதற்கு எனக்குக் கிடைத்த விதி இதுதான்: பிறகு மாற்றக்கூடியதில் மிச்சம் பிடியுங்கள், பிறகு மாற்ற முடியாததில் செலவு செய்யுங்கள்.

பல கணினிகளில் ரெம் நினைவகத்தையும் எஸ்எஸ்டியையும் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். இன்று 8 ஜீபி ரெம்முடன் வாங்கி, கையில் காசு சேர்ந்ததும் இன்னொரு 8 ஜீபியைச் சேர்க்க முடியும். அதற்கு வெற்று இடம் உள்ளதா என்று வாங்கும்போதே கேளுங்கள். மெல்லிய கணினிகள் சிலவற்றில் ரெம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. மிக மலிவானவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி எனும் 64 ஜீபி சேமிப்பகம் இருக்கலாம். அது மெதுவானது, பற்றவைக்கப்பட்டது. அப்படியானதைத் தவிர்த்துவிடுங்கள்.

உடல், பிணைச்சல், விசைப்பலகைத் தட்டு, திரை ஆகியவை வாங்கிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் இறுதிவரை இருக்கும். அவற்றில் ஒன்றை மாற்றுவதற்குப் பெருந்தொகை போகும்.

செயலியையும் மாற்ற முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எமது பிள்ளைகளின் தேவையை அளந்து பாருங்கள். உயர்தரப் பாடத்திட்டத்திலுள்ள பைதன் நிரலாக்கம், தரவுத்தளம், வலைப்பக்க ஆக்கம் ஆகியவற்றுக்கும், கட்டுரை தட்டச்சுக்கும், இணையவழி வகுப்புக்கும் அண்மைக் கால ஐ3 அல்லது ரைசன் 3 செயலி போதும். ‘ஐ5’ என்ற ஒட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். 12ஆம் தலைமுறை ஐ3 ஒன்று, 7ஆம் தலைமுறை ஐ5 ஒன்றைவிட வேகமானது. பெயரளவிலான ஐ5க்குக் கொடுக்கும் மேலதிகக் காசை உறுதியான உடலுக்குக் கொடுப்பதே மேல்.

கையால் செய்யும் பரிசோதனை

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். மோசடி செய்யக்கூடாது என்பது விற்பவருக்கான பாடம். அந்தக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த செயலில் வாங்குபவருக்கும் ஒரு பாடம் இருப்பதாக நான் நினைக்கிறேன். மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கடையில் காட்சிக்கு வைத்துள்ள கணினியில் இவற்றைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று: திரையை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். சத்தமில்லாமல், ஒரே சீராகத் திறக்க வேண்டும். திறக்கும்போது பிணைச்சலுக்கு அருகே உடல் விரிகிறதா, இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். விரிந்தால் வேண்டாம்.

இரண்டு: விசைப்பலகையின் நடுவே விரலால் சற்று அழுத்துங்கள். தட்டு பள்ளமாக இறங்கினால் உடல் பலவீனமானது.

மூன்று: திரையை மூடி, முன்மூலை ஒன்றை மட்டும் பிடித்துக் கணினியைச் சிறிது உயர்த்துங்கள். வளைவதும் முறுகுவது போன்ற சத்தமும் நல்ல அறிகுறிகளல்ல. பிள்ளை அதைப் பையில் போட்டு, பஸ்ஸில் நெரிபட்டுப் போகப்போகிறாள் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு: சார்ஜரைச் செருகி மெதுவாக அசையுங்கள். துவாரம் ஆடக்கூடாது. அந்தத் துவாரம் தனி வயரில் பொருத்தப்பட்டதா, தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். முதலாவது வகை என்றால் திருத்துவது இலகு.

ஐந்து: திரையை நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிறம் மாறி மங்கினால், நாள்தோறும் மணிக்கணக்கில் படிக்கும் கண்களுக்கு அது சிரமம் தரும்.

ஆறு: உடல் எதனால் ஆனது என்று கேளுங்கள். வெள்ளி நிறம் என்பதால் உலோகம் என்று முடிவு செய்ய வேண்டாம். பூச்சுப் பூசிய பிளாஸ்டிக்காக இருக்கலாம். மேல்மூடி மட்டும் அலுமினியமாக, கீழே பிளாஸ்டிக்காக இருப்பதும் உண்டு. பிளாஸ்டிக் எல்லாமே மோசமென்றும் சொல்ல முடியாது. கண்ணாடி நார் கலந்த உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த நல்ல கணினிகளும் இருக்கின்றன. பொருளின் பெயரைவிட உங்கள் கைக்குத் தெரியும் உறுதியே முக்கியம்.

‘இராணுவத் தரம்’ என்ற ஒட்டியும் சிலவற்றில் இருக்கும். அது மில்-எஸ்டீடி-810 எனப்படும் அமெரிக்க இராணுவப் பரிசோதனை முறைகளைக் குறிக்கிறது. அம்முறைகள் பல, எவற்றைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிவு செய்கிறார். இராணுவம் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல அது. இருந்தால் நல்லதுதான். ஆனாலும் உங்கள் ஐந்து நிமிடப் பரிசோதனையை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

விலையை வருடங்களால் வகுத்தல்

2022இல் டொலரின் பெறுமதி ஏறியபின் மடிக்கணினி ஒன்று பல குடும்பங்களுக்கு நகை வாங்குவது போன்ற பெரிய முடிவாகிவிட்டது. அதனால்தான் குறைந்த விலையைத் தேடுகிறோம். ஆனால் கடைக்காரர் சொல்லும் தொகை முழுச் செலவு அல்ல.

கணக்குக்காக இரண்டு கணினிகளை வைத்துக்கொள்வோம். முதலாவது 160,000 ரூபாய். இரண்டாம் வருடம் பிணைச்சலும் மூடியும் உடைந்து 35,000 ரூபாய் செலவாகி, மொத்தம் மூன்று வருடம் உழைக்கிறது. மொத்தச் செலவு 195,000. வருடமொன்றுக்கு 65,000 ரூபாய். இரண்டாவது 200,000 ரூபாய். இடையில் 20,000 ரூபாய்க்குப் பெட்டரி மாற்றி, ஐந்து வருடம் உழைக்கிறது. மொத்தம் 220,000; வருடமொன்றுக்கு 44,000 ரூபாய். மலிவானது எது?

இதைச் சொல்லும்போது, விலை கூடியதெல்லாம் உறுதியானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மெல்லிய அழகுக்கும், விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டைக்கும், பெயருக்கும் காசு வாங்கும் கணினிகள் பல. ஸூரத்துல் ஃபுர்கான் நல்லடியார்களை வர்ணிக்கும்போது, செலவு செய்வதில் வீண்விரயமும் உலோபித்தனமும் இன்றி நடுநிலையில் நிற்பவர்கள் என்கிறது. தேவைக்கு மேற்பட்ட வேகத்தை வாங்குவது விரயம். ஒரு வருடத்தில் உடைவதை வாங்குவதும் விரயம்தான்.

பாவித்த கணினி வாங்கலாமா?

வாங்கலாம், கவனமாக. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லெட்டிடியூட், எச்பியின் எலீட்புக் போன்றவை அலுவலகப் பாவனைக்கென்று தயாரிக்கப்பட்டவை. இவற்றின் உடலும் பிணைச்சலும் விசைப்பலகையும் பொதுவாக உறுதியானவை, உதிரிப்பாகங்களும் கிடைக்கும். புதிய மலிவான கணினியின் விலையில் பாவித்த அலுவலகக் கணினி ஒன்று கிடைத்தால் அது நல்ல தெரிவாக இருக்கலாம்.

இரண்டு விடயங்களைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அடுத்தது பெட்டரி. விண்டோஸிலேயே பெட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு சக்தி, இப்போது எவ்வளவு என்பதை அது காட்டும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதிய பெட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

புதியதோ பாவித்ததோ, பற்றுச்சீட்டில் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதி வாங்குங்கள். எதெதற்கு உத்தரவாதம் இல்லை என்பதைக் காசு கொடுக்குமுன் கேளுங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கையில் பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு அங்கேயும் வழி கடினம்.

மகளையும் அழைத்துச் செல்லுங்கள்

இறுதியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எமது ஊரில் மகளுக்கான கணினியை வாப்பாவோ காக்காவோ போய் வாங்கி வருவதுதான் வழக்கம். அதைப் பாவிக்கப் போகிற கை, வாங்கும்வரை அதைத் தொடுவதே இல்லை. கடைக்கு மகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவள் விசைகளைத் தட்டிப் பார்க்கட்டும், திரையைத் திறந்து மூடட்டும், கேள்வி கேட்கட்டும். மாணவிகளே, கடைக்காரர் முன்னால் கூச்சப்படாதீர்கள். உங்கள் குடும்பத்தின் பல மாதச் சேமிப்புக்காகத்தான் ஐந்து நிமிடம் கேட்கிறீர்கள்.

கடந்த வருடம் அந்தத் தாயார் மீண்டும் வந்தார். இளைய மகள் உயர்தரத்துக்கு வந்திருந்தாள். “டீச்சர், இந்த முறையும் எழுதித் தாங்க” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. “ராத்தா, இந்த முறை தாள் மட்டும் போதாது. நானும் வாறேன்” என்றேன். மூவரும் கடைக்குப் போனோம். முதலில் காட்டிய இரண்டு கணினிகளையும் அந்தத் தாயாரே மூலையில் பிடித்து உயர்த்திப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவதை மகளின் கையில் கொடுத்து, “நீ பாரு” என்றார்.

தாள் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. அதன் முதல் வரி மட்டும் மாறிவிட்டது: “திறந்து மூடிப் பார்க்கவும்.”