ரோசாப்பூ துரை

குற்றம் புரிந்தவரைத் தண்டிப்பது நீதி. பிறப்பினாலேயே ஒருவரைக் குற்றவாளியாகக் கருதுவது அநீதி. ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் இவ்வநீதியைச் சட்டமாக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகத்தினர் கைரேகை பதிய வேண்டும். ஆடவர் இரவில் காவல்நிலையம் செல்ல வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அரசின் அறிவிக்கையை எதிர்த்து நீதிமன்றத்தில் முறையிடவும் வழியில்லை. மக்கள் இதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றனர். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மறுத்தோர்மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர்.

இம்மக்களுக்குத் துணைநின்றவர் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்து, இலண்டனில் சட்டம் பயின்று, மதுரையில் வாழ்ந்தவர். வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றவர். கள்ளர் சமூகத்தினருக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். சட்டத்தின் கொடுமையை எழுத்திலும் எடுத்துரைத்தார். அம்மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என அன்புடன் அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ எனப் பெயரிட்டனர்.

1938இல் அவர் மறைந்தார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல்தான். வெற்றியைக் காணாவிடினும், ‘நீ யார்?’ என்பதன்று, ‘நீ செய்தது என்ன?’ என்பதே நீதியின் வினா என்பதை அவர் பணி உணர்த்துகிறது.