வாயால் சொன்ன ‘முடியாது’ போதாது

பெங்களூரு பிரேசர் டவுனில் படி ஏறாமல் நுழையக்கூடிய கடை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிச்சமாகும். பழைய பங்களாக்களின் உயர்ந்த வாசலை அப்படியே வைத்துக்கொண்டு கிளினிக், வங்கி, உணவகம் எல்லாம் நடக்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் கேட்டால், “ரெண்டு பேர் தூக்கிவிடறோம் சார்” என்பார்கள், ஏதோ உபகாரம் செய்வதுபோல. வந்தவர் மனம் நொந்து வீடு திரும்புவார். ரோஷக்காரராக இருந்தால் எட்டுப் பக்கத்துக்குப் புகார் எழுதி, பிரதமர் வரை நகல் அனுப்புவார். இரண்டாலும் படி இறங்காது.

படி இறங்க வேண்டுமானால் முதலில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். குழப்பம் இருந்தால் பக்கத்திலேயே லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கிவரும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிடி அமைப்பில் கேட்டுப் பாருங்கள். இங்கே பலர் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: “எனக்கு 35 சதவீதம்தான், நான் எப்படிப் புகார் கொடுப்பது?” இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் 40 சதவீதக் கோடு. பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்புக்கு அந்தக் கோடு கிடையாது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ நோய் உள்ள விகாஷ் குமார் யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதில் ‘பொதுக் கட்டடம்’ என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும்தான். ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள். அது 2022 ஜூனோடு முடிந்தது. “பழைய கட்டடம் சார்” என்ற சாக்கும் அதோடு காலாவதி.

இனிமேல்தான் எல்லோரும் சொதப்பும் கட்டம். மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் ஓடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டது கணக்கில் வராது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமோ அரசு அலுவலகமோ இப்படிப் புகார் பெற்றால், 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி இரண்டே வழிதான்: நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தாங்கள் செய்தது எப்படி நியாயம் என்று எழுத்தில் தர வேண்டும். உங்களுக்கு வேண்டியது அந்த எழுத்துதான். மௌனமாக இருந்தாலும் நல்லது, அதுவும் சாட்சி.

கடிதம் ஒரே பக்கம். இது என் சட்டம், மீறாதீர்கள். ஒரு கடிதத்தில் ஒரு தடை, ஒரு கோரிக்கை. படியையும் கழிப்பறையையும் காவலாளியின் பேச்சையும் ஒன்றாகக் கலந்தால் எதிர்த்தரப்பு எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தப்பிவிடும். இப்படி எழுதுங்கள்:

“இன்ன தேதி காலை 11 மணிக்கு உங்கள் கிளைக்கு வந்தேன். நான் சக்கர நாற்காலி பயன்படுத்துபவன். வாசலில் மூன்று படிகள், மொத்த உயரம் 18 அங்குலம். சாய்தளம் இல்லாததால் உள்ளே வர இயலவில்லை. சாய்தளம் எந்தத் தேதிக்குள் அமைக்கப்படும் என்பதை 15 நாளில் எழுத்தில் தெரிவிக்கவும். மறுப்பதானால் பிரிவு 3(3)-இன்படி காரணத்தை எழுத்தில் தரவும்.”

அவ்வளவுதான். வருத்தம், வேதனை, ‘சமூகம் எங்கே போகிறது’ எதுவும் வேண்டாம். டேப் வைத்து அளந்த புகைப்படத்தை இணையுங்கள். செலவில் பங்கு கேட்டால் சம்மதிக்காதீர்கள். நியாயமான வசதிக்கான செலவை உங்கள் தலையில் கட்டக்கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். “வெச்சுட்டுப் போங்க” என்றால், சரி என்று எழுந்து வந்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

மொழி? எந்த அதிகாரிக்கும் மாநிலத்தில் வழங்கும் மொழியில் மனு எழுதலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு. அதற்காகத் தமிழில் எழுதி கெத்துக் காட்ட வேண்டாம். கன்னடத்தில் எழுதித் தர அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பார். படிக்கிறவருக்குப் புரிந்தால்தான் வேலை நடக்கும்.

15 நாள் போனதும் யாரிடம் போவது? தேசியமயமாக்கப்பட்ட வங்கி, தபால் நிலையம், பெங்களூரு கிழக்கு ரயில் நிலையம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். பள்ளி, கிளினிக், பிஎம்டிசி பேருந்து, நடைபாதை என்றால் கர்நாடக மாநில ஆணையர். மாற்றி அனுப்பினால் மாதக்கணக்கில் போகும். நடைபாதைக்கு இன்னொரு கண்ணி: 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன, பழைய பெயருக்கு எழுதாதீர்கள். பார்வையற்றவருக்குக் காசோலைப் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ மறுத்தால், ரிசர்வ் வங்கியின் விதியை மேற்கோள் காட்டினாலே பல கிளைகளில் குரல் இறங்கும். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அது ஆணையர் விவகாரமல்ல; 2016 சட்டத்தின் பிரிவு 92, ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. நேரே பக்கத்திலுள்ள புலிகேசி நகர் போலீஸ் ஸ்டேஷன்.

ஆணையருக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. அதை ஏற்காத அதிகாரி மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று மாதத்தை நாட்காட்டியில் குறியுங்கள். தாண்டினால் பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்கள். கர்நாடகத்தில் அதற்கு 150 சொல் வரம்பு, வளவளப்புக்கு இடமில்லை. வழக்கு வரை போனால் வக்கீலுக்குக் கடன் வாங்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவானாலும் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி உண்டு.

நடுவில் ஒருநாள் போன் வரும்: “சாய்தளம் போட்டாச்சு, புகாரை வாபஸ் வாங்கிக்குங்க.” நேரில் போய் அளந்து பாருங்கள். ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தது ஒரு அடி நீளம். 18 அங்குல வாசலுக்கு 18 அடி சாய்வு வேண்டும். நேராக இடமில்லையென்றால் திருப்பிக் கட்டட்டும். ஆறடியில் சறுக்குமரம்போல் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், பேனாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு அந்த அளவையும் புகைப்படம் எடுத்து ஆணையருக்கு அனுப்புங்கள்.