சோளத்தின் வேரில் ஒட்டி வாழும் சுடுமல்லி

மண்ணில் ஈரம் இருக்கும்போதே சோளப் பயிர் சில இடங்களில் வாடி, வெளிறி, குட்டையாக நிற்பதுண்டு. உரம் போதவில்லை என்று எண்ணிவிடுகிறோம். சில நாட்களில் பயிரின் அடியில் சாண் உயரத்தில், சிறு வெள்ளைப் பூக்களுடன் பச்சைச் செடிகள் தென்படும். இதுவே சுடுமல்லி. மக்காச்சோளம், கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றையும் இது தாக்கும்.

பச்சை இலை இருப்பதால் இக்களை தன் உணவில் ஒரு பகுதியைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் நீரையும் சத்துக்களையும் பயிரின் வேரிலிருந்தே உறிஞ்சும். ஆகவே இதனை அரை ஒட்டுண்ணி என்பர். செடி வெளியே தெரிவதற்கு முன்பே, மண்ணுக்குள் இருந்தபடி பெருஞ்சேதத்தை விளைவித்துவிடுகிறது.

அப்படியானால் பிறகு பிடுங்குவதால் என்ன பயன்? பயன் அடுத்துவரும் பயிர்களுக்குத்தான். ஒரு செடி தூசி போன்ற பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கும். அருகில் ஏற்ற பயிரின் வேர் வந்து, அதிலிருந்து கசியும் பொருள் பட்டால்தான் விதை முளைக்கும். முளைத்த பின் சில நாட்களுக்குள் வேரைப் பற்றாவிட்டால் மடிந்துவிடும்.

இக்குணமே நமக்குக் கிடைத்த பிடி. விதையை முளைக்கத் தூண்டும் பொருளை விஞ்ஞானிகள் 1966-ல் பிரித்தெடுத்தது பருத்தி வேரின் கசிவிலிருந்துதான். ஆனால் பருத்தி வேரில் சுடுமல்லி ஒட்டி வாழ முடியாது. எனவே பருத்தி வயலில் முளைக்கும் விதைகள் வீணாகின்றன.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. சுடுமல்லி கண்ட நிலத்தில் தொடர்ந்து சோளம் விதைக்கக் கூடாது. பருத்தி, நிலக்கடலை, தட்டைப்பயறு, சூரியகாந்தி ஆகியவற்றை மாற்றுப் பயிராக இடலாம். ஒரே பருவத்தில் விதை முழுதும் தீராது. சில ஆண்டுகள் தொடர வேண்டும்.

2. பூக்கும் முன் கையால் பிடுங்க வேண்டும். பூத்தவற்றை வரப்பிலோ எருக்குழியிலோ போடாமல் எரித்துவிட வேண்டும்.

3. வளம் குன்றிய நிலத்தில் இதன் தொல்லை மிகுதி. தொழு உரமும் பரிந்துரைத்த அளவு தழைச்சத்தும் இட வேண்டும்.

4. கரும்பில் 10 லிட்டர் நீருக்கு 2 கிலோ யூரியா கரைத்து, பயிரின் மேல் படாமல் களையின் மீது மட்டும் தெளிக்கலாம்.

5. பாதித்த வயலில் உழுத கலப்பையில் ஒட்டிய மண்ணைக் கழுவிய பிறகே அடுத்த வயலில் இறக்க வேண்டும்.

இவ்வாண்டு ஒரு செடியையும் விதை கட்ட விடாதிருந்தால், வருங்காலத்தில் அந்நிலத்தில் சோளம் மீண்டும் செழிக்கும்.