பயணத்தில் சமையல் வாயு

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் விடியற்காலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. லக்னோவிலிருந்து வந்த பயணிகளில் 9 பேர் உயிரிழந்தனர். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த சமையல் வாயு உருளையே இதற்குக் காரணம் என்று ரயில்வே தெரிவித்தது.

நம் வீட்டில் அன்றாடம் எரியும் வாயுதானே அது! வண்டிக்குள் மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து?

மாணவர்களே, சமையல் வாயுவில் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்கள் உள்ளன. அழுத்தத்தால் இவை உருளைக்குள் திரவமாக இருக்கின்றன. ஒரு லிட்டர் திரவப் புரோப்பேன் வெளியே கசிந்தால் ஏறக்குறைய 270 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் இது 2.1 சதவீதம் கலந்திருந்தாலே சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் திரவம், ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கிவிடும். 3.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள ஒரு வண்டியின் உட்புறம் முழுவதும் அவ்வளவுதான்!

மேலும், புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரு மடங்கு. ஆகவே கசிந்த வாயு மேலே போய்விடாது. தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடத்தில் தேங்கும். மூடிய வண்டியில் அது வெளியேற வழி ஏது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அமைந்த ‘சக்கர வீடு’களில் பலர் நெடும்பயணம் செல்கிறார்கள். அவற்றில் புரோப்பேன்தான் எரிபொருள். அங்கே செய்யப்படும் ஏற்பாடுகளைப் பாருங்கள். உருளையை வண்டிக்கு வெளியே, அல்லது உட்புறத்தோடு தொடர்பில்லாத தனி அறையில், நிமிர்த்தி வைத்துக் கட்டுகிறார்கள். அந்த அறையின் அடியில் காற்றுத் துளைகள் உண்டு. கசிவை அறிவிக்கும் கருவியைக் கூரையில் அல்ல, தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள். காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். புறப்படுமுன் உருளையின் வால்வை மூடிவிடுவது நல்லது. மோதலில் குழாய் முறிந்தாலும் வாயு பாயாது. பெட்ரோல் நிரப்பும் இடத்திலோ எந்தச் சுடரும் எரியக் கூடாது.

ரயில் பெட்டியில் இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லை. அதனால்தான் பயணிகள் அதில் வாயு உருளை கொண்டுசெல்லத் தடை. மீறினால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி 3 ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். பயணத்தில் அந்த வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். அதன் பொறியே போதும். கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறுங்கள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தார் அடுத்த முறை ரயிலில் புறப்படும்போது மூட்டைகளை நீங்களும் ஒருமுறை பாருங்கள். கட்டுச்சோறு இருக்கட்டும், அடுப்பும் உருளையும் வீட்டிலேயே இருக்கட்டும்.