பகல் முழுவதும் தங்கும் வசனம்

வேதபகுதி: யோசுவா 1:1-9, யாக்கோபு 1:19-25

வேதத்தை இரவும் பகலும் தியானிக்கவேண்டும் என்ற கட்டளை ஓய்வாக அமர்ந்திருந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதல்ல. மோசே மரித்துவிட்டார். எதிரே யோர்தான் நதி. யுத்தத்திற்குப் போகத்தக்க ஆண்கள் மட்டுமே 6,01,730 பேர் என்று எண்ணாகமம் 26-ஆம் அதிகாரம் கணக்குத் தருகிறது. பெண்களும் பிள்ளைகளும் அடங்கிய அந்த ஜனத்திரள் முழுவதும் மூன்று நாளில் நதியைக் கடக்க ஆயத்தமாகவேண்டும். அந்தப் பாரம் யோசுவாவின் தோள்மேல் விழுந்திருந்தது. அப்படிப்பட்ட வேளையில்தான் கர்த்தர் அவருக்கு வேத தியானத்தைக் கட்டளையிட்டார். வேலைகள் குறைந்தபின்பு தியானிக்கும்படி சொல்லவில்லை. வேலையின் நடுவிலேயே நியாயப்பிரமாண புத்தகம் அவருடைய வாயைவிட்டுப் பிரியலாகாது என்றார்.

இன்று பல விசுவாசிகள் சொல்லும் காரணம் நேரமின்மை. அதிகாலையில் ஒரு அதிகாரம் வாசிக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், வேதாகமத்தை மூடிவைக்கிறார்கள். ஒன்பது மணிக்குள் பேருந்தும் அலுவலகமும் பிள்ளைகளின் பள்ளியும் அவர்களை இழுத்துக்கொள்கின்றன. காலையில் வாசித்தது என்ன என்று மாலையில் கேட்டால் பதில் வருவதில்லை. குறை வாசிப்பின் அளவில் இல்லை. வாசித்தது அவர்களோடுகூடப் புறப்படவில்லை என்பதே குறை.

வாயில் தொடங்கும் தியானம்

யோசுவா 1:8-லும் சங்கீதம் 1:2-லும் தியானத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல் ‘ஹாகா’ என்பதாகும். தாழ்ந்த குரலில் முணுமுணுத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஏசாயா 31:4-ல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்திற்கும், ஏசாயா 38:14-ல் புறாவின் தாழ்ந்த புலம்பலுக்கும் இதே சொல் வருகிறது. எனவே வேதம் கூறும் தியானம் கண்களை மூடி, மனதை வெறுமையாக்கி அமர்ந்திருப்பது அல்ல. வசனத்தை வாயில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதே அது. சிங்கம் தன் இரையை விட்டுவிட மனமில்லாமல் அதன்மேல் நிற்பதுபோல், தியானிக்கிறவர் தாம் பெற்ற வசனத்தை விட்டுவிட மனமில்லாமல் நிற்கிறார்.

இத்தகைய தியானத்திற்குத் தனி அறை கட்டாயமல்ல. உபாகமம் 6:7 குறிப்பிடும் நான்கு வேளைகளைக் கவனிக்கலாம்: வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. ஒரு சாதாரண இஸ்ரவேல் குடும்பத்தின் முழு நாளும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. மரியாள் தாம் கேட்டவற்றையும் கண்டவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று லூக்கா 2-ஆம் அதிகாரம் இருமுறை சொல்கிறது. வசனம் காதில் விழுந்தால் போதும். உள்ளம் அதைக் காத்துக்கொள்ளக்கூடும்.

வில்லியம் கேரியின் ஒரு நாள்

செராம்பூர் மிஷனெரி வில்லியம் கேரி 1806-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் தம் ஒரு நாளின் அலுவல்களை விவரிக்கிறார். அன்று அவர் காலை ஐந்தே முக்கால் மணிக்கு எழுந்து எபிரெய வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசித்தார். ஏழு மணிவரை தனிஜெபம். பின்பு வேலையாட்களோடு வங்காள மொழியில் குடும்ப ஜெபம். முன்ஷியோடு பாரசீகப் பாடம், இந்துஸ்தானியில் ஒரு வேதபகுதி, காலை உணவுக்குப்பின் பண்டிதரோடு இராமாயண மொழிபெயர்ப்பு எனப் பத்து மணியாயிற்று. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிப் பணி முடிந்து திரும்பியதும் வங்காள எரேமியாவின் அச்சுப்படியைத் திருத்தினார். பிற்பகலில் மத்தேயு 8-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தார். ஆறு மணிக்குப்பின் தெலுங்குப் பாடம். ஏழரை மணிக்குப் பிரசங்கம். அதன்பின் எசேக்கியேல் 11-ஆம் அதிகாரத்தை வங்காளத்தில் ஆக்கி முடிக்கும்போது ஏறக்குறைய பதினொரு மணி. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம் வாசித்து, தம்மை ஆண்டவரிடம் ஒப்புவித்து அந்த நாளை முடிப்பதாக எழுதுகிறார்.

வேதமே அவருடைய தொழில். அலுவலகத்திலும் கடையிலும் உழைப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். பகல் முழுவதும் வேதத்தின் எழுத்துக்களோடு உழைத்த அவரே, அந்த உழைப்பைத் தம் ஆத்துமாவின் ஆகாரமாகக் கணக்கிடவில்லை. காலையின் எபிரெய அதிகாரமும் இரவின் கிரேக்க அதிகாரமும் அச்சகத்திற்காகவோ கல்லூரிக்காகவோ வாசிக்கப்பட்டவையல்ல. பிரசங்கம் ஆயத்தம் செய்பவர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் மிஷன் பணியாளர்களும் இதைக் கவனிக்கவேண்டும். பிறருக்காக வேதத்தைக் கையாள்வது வேறு. தனக்காக அதற்குமுன் நிற்பது வேறு.

அரமனையில் ஒரு கணம்

நெகேமியா சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானம் கொடுக்கும் அதிகாரி. ஒரு நாள் ராஜா அவருடைய முகவாட்டத்தைக் கண்டு, விரும்புவது என்ன என்று கேட்டார். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் (நெகேமியா 2:4). ராஜாவுக்குமுன் நின்ற அவருக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடும் நேரம் மட்டுமே.

அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் நான்கு மாதங்கள் இருந்தன. கிஸ்லேவ் மாதத்தில் எருசலேமின் செய்தியைக் கேட்ட நாள்முதல், நிசான் மாதத்தில் ராஜாவின்முன் நின்ற நாள்வரை அவர் அந்தப் பாரத்தைச் சுமந்திருந்தார். முதல் அதிகாரத்தில் உள்ள அவருடைய ஜெபம், மோசேயின்மூலம் தேவன் கொடுத்த வாக்கை எடுத்துச்சொல்லி மன்றாடுகிறது. அவசர வேளையில் புதிதாக எதையும் தேட அவருக்கு நேரமில்லை. உள்ளத்தில் ஏற்கெனவே தங்கியிருந்ததே உதவிக்கு வந்தது.

வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட இயேசு கிறிஸ்துவும் மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதிலளித்தார். அந்த வசனங்கள் 6, 8 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்குள் அடங்குகின்றன. நாற்பது நாள் உபவாசத்தின் முடிவில், பசியின் பலவீனத்தில், சுருள் எதுவும் கையில் இல்லாத இடத்தில் அந்த வார்த்தைகள் ஆயத்தமாக இருந்தன.

சிறு பகுதி, ஒரு வாரம்

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமம் 1722-ல் மொராவியாவிலிருந்து வந்த அகதிகளால் உருவானது. அவர்களில் பலர் கைத்தொழிலாளர். 1728-ஆம் ஆண்டு தொடங்கி, அடுத்த நாளுக்கான ஒரு வேதவசனமோ பாடல் வரியோ அந்தச் சபைக்குக் கொடுக்கப்பட்டது. அது வீடு வீடாக எடுத்துச் செல்லப்பட்டது. தறியில் இருந்தவரும் அடுப்படியில் இருந்தவரும் ஒரே வார்த்தையோடு பகலைக் கழித்தனர். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிடப்பட்டு இன்றுவரை தொடர்கிறது. 1732-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1885-ல் லடாக்கின் லே நகருக்கும் ஊழியர்களை அனுப்பியது இந்த மொராவிய சபையே.

இதிலிருந்து ஒரு எளிய முறையைக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு அல்லது மூன்று வசனங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒரு வாரத்திற்குத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் நாளில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, யார், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்று அறியவேண்டும். பின்பு அந்தப் பகுதியை மெல்லிய குரலில் பலமுறை சொல்லி, ஒரு சிறு தாளில் கையால் எழுதிக்கொள்ளவேண்டும். கடைசியாக, ஏற்கெனவே செய்துவரும் சில செயல்களோடு அதை இணைக்கவேண்டும்: அடுப்பைப் பற்றவைக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, படுக்கை விரிக்கும்போது. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போதும்.

கவனம் முழுவதும் தேவைப்படும் வேலையின்போது கவனத்தை வேலைக்கே கொடுக்கவேண்டும். வாகனம் ஓட்டுபவரும் மருந்து அளந்து கொடுப்பவரும் தங்கள் பணியை உண்மையாய்ச் செய்வதே அவ்வேளையின் ஆராதனை. கொலோசெயர் 3:23 அதையே போதிக்கிறது. இடையில் மறந்துபோனால் மனம் சோர்ந்துபோகவேண்டியதில்லை. நினைவு வந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

வசனம் எதிர்த்து நிற்கும்போது

மனப்பாடம் மட்டும் போதாது. சங்கீதம் 91-ஐச் சோதனைக்காரனும் அறிந்திருந்தான். புத்தாண்டில் எடுத்த வாக்குத்தத்த அட்டை கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. காலையில் கைப்பேசியில் வந்த வசனப்படம் வாசிக்கப்படுமுன்பே பத்துப் பேருக்கு அனுப்பப்படுகிறது. இவற்றால் வசனம் தாயத்தைப்போல் ஆகிவிடும் அபாயம் உண்டு. தாயத்து தன்னை அணிந்தவரிடம் எதையும் கேட்பதில்லை. தேவனுடைய வார்த்தையோ கேள்வி கேட்கிறது.

யாக்கோபு 1:19-20 பகுதியை ஒருவர் வாரம் முழுவதும் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பதில் விரைவும், பேசுவதிலும் கோபத்திலும் தாமதமும் வேண்டும் என்று அது போதிக்கிறது. காலை ஜெபத்தில் அது இனிமையாகவே இருக்கும். பதினொரு மணிக்குக் கீழ்ப்பணியாளர் ஒருவர் தவறான கணக்கைக் கொண்டுவந்து நீட்டும்போது, அதே வசனம் வாய்க்கும் கோபத்திற்கும் நடுவே வந்து நிற்கும். மாலையில் மகன் மதிப்பெண் பட்டியலை நீட்டும்போது மீண்டும் நிற்கும். அவர் கீழ்ப்படிந்தால் ஒரு உள்ளம் காயப்படாமல் தப்பும். கீழ்ப்படியாமல் கடுஞ்சொல்லைக் கொட்டிவிட்டால், இரவில் அந்த வசனம் அவரைத் தூங்கவிடாது; மகனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லும்.

வசனத்தை நாள் முழுவதும் சுமக்கப் பலர் தயங்குவதற்கு நேரமின்மையைவிட இதுவே ஆழமான காரணமாக இருக்கக்கூடும். காலையோடு மூடப்பட்ட வேதாகமம் பதினொரு மணிக்கு எதையும் கேட்பதில்லை. அதே அதிகாரத்தின் 23 முதல் 25 வரையுள்ள வசனங்கள், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவுடன் மறந்துவிடுகிறவனைப்பற்றி எச்சரிக்கின்றன; கேட்டபடி செய்கிறவனே பாக்கியவான் என்கின்றன. 21-ஆம் வசனம் உள்ளத்தில் நாட்டப்பட்ட வார்த்தையைச் சாந்தத்தோடு ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. நாட்டப்பட்ட கன்று வேர்பிடிக்க ஒரே மண்ணில் தங்கவேண்டும். நாள்தோறும் பிடுங்கி நடப்படுவது வேர்பிடிப்பதில்லை.

யோசுவா மூன்று நாளில் யோர்தானைக் கடக்க வேண்டியவராயிருந்தார். இன்றைய விசுவாசி கடக்கவேண்டியது ஒரு கோபமாக, ஒரு பொய்யாக, கையூட்டு வைக்கப்பட்ட ஒரு கோப்பாக இருக்கலாம். அந்தக் கரையில் நிற்கும்போது வேதாகமம் வீட்டு அலமாரியில் இருக்கும். வாயிலும் உள்ளத்திலும் தங்கியிருக்கும் வசனமே அவரோடு தண்ணீரில் இறங்கும்.

சிந்தனைக்கு

1. கடந்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்ட வேதபகுதி எது? அது திங்கட்கிழமையின் எந்தச் செயலைத் தொட்டது?

2. அன்றாடம் தவறாமல் செய்யும் வேலைகளில் எந்த மூன்றோடு ஒரு வசனத்தை இணைக்க முடியும்?

3. குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், இந்த வாரத்தின் வேதபகுதியை அவர்களுக்கு யார், எந்த வேளையில் சொல்லிக்கொடுப்பது?

4. வேதம் தெளிவாகச் சொல்லியும் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் கீழ்ப்படிதல் எது?