முள் உண்டு; கள்ளி அன்று

செடி விற்கும் இடங்களில் சிறு தொட்டிகளில் முட்செடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை அனைத்தையும் 'கள்ளி' என்று ஒரே பெயரால் அழைப்பது பலருடைய வழக்கம். அவற்றுள் ஒன்று டைக்கியா. அது கள்ளி அன்று. நாம் உண்ணும் அன்னாசியின் உறவுச் செடி. பெயர் மாறினால் என்ன கேடு என்று கேட்கலாம். கள்ளிக்குத் தண்ணீர் வேண்டியதில்லை என்று எண்ணி, இதனையும் பலர் காயவிட்டு விடுகின்றனர். செடி உடனே மடிவதில்லை. இலைகளின் நுனி கருகிக் கருகி, மெல்ல மெல்ல அழகை இழக்கிறது. கருகிய நுனி மீண்டும் பசுமை பெறுவதில்லை.

பிரேசில், பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா, பொலிவியா ஆகிய தென் அமெரிக்க நாடுகளின் பாறை நிலங்களே டைக்கியாவின் தாயகம். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. சதைப்பற்றுள்ள செடிகளை ஆராய்ந்த ஜெர்மானிய இளவரசர் ஜோசப் சால்ம்-டைக் (1773–1861) என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

இதனை இனங்காண்பது எப்படி? கள்ளிச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இலை இராது. தண்டின் மேலுள்ள சிறு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து முட்கள் கிளம்பும். டைக்கியாவிலோ விறைப்பான இலைகள் ரோசாப்பூ இதழ்களைப் போல வட்டமாக அடுக்கியிருக்கும். முட்கள் இலையின் இரு விளிம்புகளிலும் கொக்கி போல வளைந்திருக்கும். பல இனங்களில் கொக்கிகள் உள்நோக்கித் திரும்பியிருப்பதால், செடிக்குள் கையை விடுவது எளிது, எடுப்பதுதான் கடினம்! சோற்றுக் கற்றாழையின் இலையை ஒடித்தால் வழவழப்பான சோறு வெளிப்படும்; டைக்கியா இலையில் அது இல்லை, நார் மிகுதி. ஆனைக் கற்றாழைக்கு இலை நுனியில் ஊசி போன்ற பெரிய முள் உண்டு. மேலும், ஆனைக் கற்றாழை ஒருமுறை பூத்தபின் மடிந்துவிடும். டைக்கியாவின் பூந்தண்டு நடுவிலிருந்து எழாமல் பக்கத்திலிருந்து எழுவதால், பூத்த செடி தொடர்ந்து வாழ்கிறது.

உண்மையில் ஏமாற்றக்கூடிய செடி வேறொன்று உண்டு. அது மெக்சிகோவில் மிகுதியாக வளரும் ஹெக்டியா. இதுவும் அன்னாசிக் குடும்பம்தான். இலையை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிவது அறிந்தவர்க்கும் அரிது. பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். டைக்கியாவின் பூக்கள் மஞ்சள், செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தவை. ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் இருக்கும். ஹெக்டியாவில் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறொரு செடியிலும் பூக்கும். அவை பெரும்பாலும் வெண்ணிறமானவை.

இலையைக் கண்டு பெயரிடுவது பழைய பழக்கமே. போர்த்துகீசியர் வழியாக அன்னாசி இந்தியாவுக்கு வந்தபோது, அதன் முள் விளிம்பைக் கண்ட மலையாளிகள் 'கைதச்சக்க' என்றனர். சக்க என்பது பலா. கைதை என்பது தாழையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லும் ஆகும். ஆனால் தாழைக்கும் அன்னாசிக்கும் உறவில்லை. தோற்றம் மட்டுமே ஒன்று.

டைக்கியாவின் தாகத்தை அறிய அதன் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும். பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில், இதஜாயி ஆற்றங்கரைப் பாறைகளில் டைக்கியா பிரெவிஃபோலியா என்னும் இனம் வளர்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும். வடிந்தால் வெயிலில் காயும். டைக்கியா டிஸ்டாக்கியா என்னும் மற்றோர் இனமும் இவ்வாறே ஆற்றுப் பாறைகளில் வாழ்ந்தது. மின்சாரத்திற்காக அணைகள் கட்டப்பட்டபோது அப்பாறைகள் நீர்த்தேக்கத்தில் மூழ்கின. வந்து வடியும் வெள்ளத்தைத் தாங்கிய செடியால் வடியாத நீரைத் தாங்க இயலவில்லை. மீட்கப்பட்ட செடிகளை வேறு கரைகளில் நட்டுக் காக்கும் முயற்சி அங்கு மேற்கொள்ளப்பட்டது.

ஆகவே தொட்டியில் நீர் தேங்கவும் கூடாது; மண் நெடுநாள் காய்ந்து கிடக்கவும் கூடாது. அடியில் துளையுள்ள மண்தொட்டியில் செங்கல் துண்டுகளைப் பரப்பி, மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணை நிரப்புங்கள். நல்ல வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் இலைகள் நீண்டு நிறம் மங்கும். கோடையில் மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்றுங்கள். டில்லி போன்ற ஊர்களின் குளிர்காலத்தில் குறைவாக ஊற்றினால் போதும். தாய்ச்செடியின் அருகே முளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடலாம். அப்போது தடித்த கையுறை அணிவதோடு, நாளிதழைப் பல மடிப்பாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழையுங்கள்.

சொற்பொருள்
இனங்காணல் – இன்னது என அறிதல்
விறைப்பான – வளையாத
மட்கிய – மக்கிப்போன
தாயகம் – பிறப்பிடம்

பயிற்சி
1. டைக்கியாவைக் கள்ளி என்று எண்ணுவதால் விளையும் கேடு யாது?
2. டைக்கியா, ஆனைக் கற்றாழை – இவை பூத்தபின் என்ன ஆகின்றன? காரணத்துடன் எழுதுக.
3. 'நெடுநாள்', 'வெண்ணிறம்' – பிரித்து எழுதுக.
4. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு முட்செடியைப் பாருங்கள். முள் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் படம் வரைந்து, ஐந்து வாக்கியங்களில் எழுதுக.